இரண்டாவது கையெழுத்து

மார்ச் 3

என் அன்புக் குண்டூசிக்கு,

கொக்கு எழுதுகிறேன். நலம்தானே? எட்டு மாதமாக ஒரு கடிதமும் இல்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். போதாது என்று தோன்றினால் இதைப் படித்துவிட்டு மிச்சத்தையும் திட்டு.

நாங்கள் ஐந்தாவது மாடிக்குக் குடி மாறிவிட்டோம். வாரத்தில் நான்கு நாள் லிஃப்ட் வேலை செய்கிறது. மீதி மூன்று நாள் என் முழங்கால் வேலை செய்கிறது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்க ஆரம்பித்திருக்கிறார். உப்பு எங்கே என்று கேட்டால், "மூணாவது உயரம்" என்கிறார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். இந்தக் கொடுமைக்கு இப்போது நான் ஒருத்திதான் சாட்சி.

ஆபீசில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை கொடுத்திருக்கிறார்கள். தலைமைச் சரிபார்ப்பாளர் ஆகிவிட்டேன், எனக்குக் கீழே ஒன்பது பேர். போன மாதம் வேறு கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்த ஒருத்தி, நம் புரோகிராமைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மேடம், இதுக்கு ஏன் மாமியார்னு பேரு வச்சீங்க?"

"எல்லாம் சரியா இருந்தா ஒரு வார்த்தை பேசாது. ஒரு புள்ளி மாறினாலும் விடாது. அதான்."

"எங்க மாமியார் சரியா இருந்தாலும் பேசுவாங்க மேடம்."

அறையே சிரித்தது. பிறகு அவளை உட்காரவைத்து முழுதும் சொன்னேன். ஒரு எக்ஸ்ரே படம் ஆஸ்பத்திரிச் சேமிப்புக்குள் வருகிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் மாமியார் அந்தப் படத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்து அறுபத்து நான்கு எழுத்தில் ஒரு சரிபார்ப்பு எண் கொடுக்கும். அதைப் பட்டியலில் எழுதி வைக்கிறோம். பத்து வருஷம் கழித்து மறுபடி தட்டினால் அதே எண் வர வேண்டும். வந்தால் படம் அப்படியே இருக்கிறது. வராவிட்டால் யாரோ, எதுவோ கை வைத்திருக்கிறது. அவ்வளவுதான். படத்தை வெறும் எழுத்துகளாக மாற்றிக் காகிதத்தில் அச்சடிக்கவும், அந்த எழுத்துகளைத் திரும்பப் படமாக்கவும் அதற்குத் தெரியும் என்று சொன்னதும், "பாட்டும் பாடுமா மேடம்?" என்றாள். நல்ல வாய். உனக்குப் பிடிக்கும்.

இனி விஷயம். நம் வழக்கப்படி காகிதத்தில் கேட்கிறேன். மாமியாருக்குப் புது வெளியீடு வேண்டும். மூன்று மாற்றம், நான்கு பக்கம் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் வேகத்துக்காக. மூன்றாவது, 'புதுப்பி' என்று ஒரு ஆப்ஷன். அது இப்போது இருக்கும் படங்களை வைத்துப் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொள்ளும். சின்ன விஷயம்.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னுடையதும் சேராவிட்டால் மாமியார் ஓடும் பதினேழு ஆஸ்பத்திரியிலும் எந்த இயந்திரமும் அந்த வெளியீட்டை ஏற்றுக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். மாதக் கடைசிக்குள் போட்டுவிடு, என் தங்கமே.

முத்தங்களுடன்,
கொக்கு

*

மார்ச் 9

அன்புள்ள கொக்குக்கு,

கண்ணாடி அறைக்காரி காகிதத்தில் எழுதினாளே, அதற்கே உனக்குப் பாதி மன்னிப்பு. மீதிப் பாதி நேரில் வந்து வாங்கிக்கொள்.

இங்கே நிலவறை மாறவே இல்லை. நீ பன்னிரண்டு வருஷம் முன்பு கம்பெனி வேலைக்குப் போகும்போது விட்டுப் போன அதே இரும்பு அலமாரி, அதே ஈரம். மூன்றாவது தூணுக்கு மேலே குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ வைத்த வாளி ஓட்டையாகி, நான் வேறு வாளி வைத்து, அதுவும் ஓட்டையாகிவிட்டது. பராமரிப்பு மேஸ்திரி வருவார், அண்ணாந்து பார்ப்பார், "சொட்டுதேம்மா" என்பார், போவார். அவர் வராவிட்டாலும் எனக்கு அது தெரியும் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் வருவதே இல்லை. பழைய எக்ஸ்ரே படங்கள் பதிந்த டேப்புகள் இருக்கும் பக்கம் மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி குடும்பம் மேல் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவன் மனைவி என்னிடம், "அண்ணி, நீங்க ஆஸ்பத்திரியில நர்ஸா?" என்று இன்னும் கேட்கிறாள். ஆறு வருஷமாகக் கேட்கிறாள். இந்தத் தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான்கு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு மாற்றத்துக்கும் கையெழுத்துப் போடுகிறேன், தனியாக அனுப்பு. மூன்றாவதற்குப் போட மாட்டேன்.

அந்த ஆப்ஷன் ஒரு காலத்தில் இருந்தது. பதினான்கு வருஷம் முன்பு நீயும் நானும் இதே நிலவறையில் உட்கார்ந்து அதைப் பிடுங்கி எறிந்தோம். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு கையெழுத்து, காகிதத்தில் கேள்வி, காகிதத்தில் பதில் என்று நாம் விதி வைத்ததும் அதே நாள்தான். பட்டியலையே புதிதாக எழுதிவிட்டால், கெட்டுப்போன படத்துக்கும் ஒழுங்கான எண் கிடைக்கும். மாமியார் வாயை மூடிக்கொள்ளும். பிறகு மாமியார் எதற்கு?

உன்னை எனக்குத் தெரியும். நீ இதைச் சும்மா கேட்க மாட்டாய். என்ன நடந்தது என்று எழுது.

உன்,
குண்டூசி

*

மார்ச் 16

அன்புக் குண்டூசிக்கு,

சரி, சொல்கிறேன். படித்ததும் குதிக்காதே.

போன வருஷம் பதினேழு ஆஸ்பத்திரியின் பழைய படங்களையும் டேப்பிலிருந்து எடுத்து எங்கள் கம்பெனியின் புதுச் சேமிப்புக்கு மாற்றினோம். இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு குழு படங்களைச் சுருக்கிவிட்டது. எல்லாவற்றையும் இல்லை. என்னிடம் கேட்கவில்லை. மாற்றிய பிறகு மாமியாரை ஓட்டினேன். நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் பொருந்தவில்லை.

கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கம்பெனி வைத்த டாக்டர்கள் இருநூறு படங்களைப் பார்த்து, கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படம் இருக்கிறது, எண்தான் மாறியிருக்கிறது. அதனால் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு மேலே போகலாம் என்பது மேலாளர் முடிவு.

என் நிலையையும் கேள். ஆஸ்பத்திரிகளுக்கு இது தெரிந்தால் ஒவ்வொன்றாக விலகும். முதலில் மூடப்படுவது என் பிரிவு. ஒன்பது பேர் தெருவுக்கு வருவார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் என்னை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மேலாளர் நேற்று என் அறைக்கே வந்தார்.

"அந்த ரெண்டாவது கையெழுத்துக்காரம்மா உங்க சிநேகிதிதானே?"

"ஆமா சார்."

"அப்ப என்ன பிரச்சனை?"

பார்க்கிறேன் சார் என்று அனுப்பிவைத்தேன், குண்டூசி. நீதான் பிரச்சனை என்று சொல்லியிருக்க வேண்டும்.

எனக்காக ஒரே ஒரு தடவை. விதியை எழுதியவர்கள் நாம். நாமே ஒரு தடவை தளர்த்தினால் வானம் இடிந்து விழாது.

கொக்கு

*

மார்ச் 27

அன்புள்ள கொக்குக்கு,

குதிக்கவில்லை. உட்கார்ந்தேன். எட்டு நாள் வேலை பார்த்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

உன் நாற்பத்தோராயிரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிப் படங்கள் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஒப்பந்தத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். பதினெட்டாம் பக்கத்தில், சரிபார்ப்பு முடிந்ததாகச் சான்று வந்த முப்பது நாளுக்குள் பழைய டேப்புகளை அழிக்கலாம் என்று இருக்கிறது. இதை நீ எழுதவில்லை. மறந்தாயா, மறைத்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆக நான் போடும் கையெழுத்து பட்டியலுக்கு மட்டும் இல்லை. மூலப் படம் இருக்கும் ஒரே இடத்தைப் பொடியாக்கவும் அதுதான் உத்தரவு.

பொருந்தாத படங்களில் நூற்று முப்பத்திரண்டுக்கு ஒன்று என்று எண்ணி இருபது எடுத்தேன். டேப்பிலிருந்து மூலத்தை ஏற்றினேன். உங்கள் சேமிப்பிலிருந்து புதியதை இறக்கினேன். எக்ஸ்ரே டாக்டரம்மாவிடம் எது எது என்று சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பத்தொன்பதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பதினேழாவதில் மட்டும் நின்றார். நான்கு வருஷம் முந்தைய மார்பக எக்ஸ்ரே.

"இது ரெண்டும் ஒரே படமா?"

"ஒரே ஆள், ஒரே நாள், ஒரே படம் டாக்டர்."

"அப்ப இந்த மணல் மணலா இருக்கிற புள்ளிங்க அதுல எங்க போச்சு?"

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இந்தம்மா அடுத்த மாசம் திரும்ப வராங்க. பழைய படத்துல புள்ளி இருந்திச்சுன்னா, அது அப்படியே கிடக்குது, விட்டுடலாம். பழசுல இல்லைன்னா புதுசா வந்திருக்குன்னு கத்திய எடுப்போம். நான் எந்தப் படத்தைப் பாத்து முடிவு பண்றது?"

கொக்கு, நான் எந்தப் பெண்ணிடம் போய் இருபதில் ஒன்றுதானே என்று சொல்வது?

அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தை, நாற்பதுக்கு நாற்பது கட்டம் மட்டும் வெட்டி, மாமியாரை விட்டு எழுத்தாக மாற்றி அச்சடித்திருக்கிறேன். முதல் பக்கம் மூலம். இரண்டாவது பக்கம் உங்கள் சுருக்கல். பக்கத்துக்கு இருபத்தொன்பது வரி. மின்னஞ்சலில் அனுப்பலாம். வேண்டாம். நீ உட்கார்ந்து உன் கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டு. தட்டி முடித்துப் படமாக்கிப் பார்.

நான் போட மாட்டேன். மேலாளர் கேட்டால் பிரச்சனை நான்தான் என்று தாராளமாகச் சொல். அதற்கு உனக்கு என் கையெழுத்து உண்டு.

குண்டூசி

*

ஏப்ரல் 4

குண்டூசிக்கு,

தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் போயிற்று. பதினோராவது வரியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன், மாமியார் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னது, மந்திரமா?" என்றார். முதல் பக்கத்தில் ஏழு புள்ளி. இரண்டாவது பக்கத்தில் வெறும் சாம்பல். ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

ஆனாலும் சொல்கிறேன். உன் டாக்டரம்மாவின் ஒரு படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள். அந்தப் பெண்ணைக் காப்பாற்று. மற்றதை விடு. உலகத்தில் ஒரு படமும் கெடாமல் பார்த்துக்கொள்ள நீ யார்?

இதையும் எழுதத்தான் வேண்டும், நீதான் எழுத வைக்கிறாய். கம்பெனி வக்கீல், இரண்டாவது கையெழுத்துக்காரர் எப்படிப்பட்டவர், அவர் வேலையில் எப்போதாவது தவறு உண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொன்னேன். பதினான்கு வருஷம் முன்பு நீ லீவில் போகிற அவசரத்தில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டுப் போனதை நான் சொல்லவில்லை. படங்களின் அடிப்பாகம் அறுந்து போயிருந்ததையும், பதினொரு வாரம் மாமியார் சத்தமே போடாமல் இருந்ததையும் சொல்லவில்லை. அடியில் இருந்த நோய் தெரியாமல் போன அந்த பஸ் டிரைவரின் நுரையீரல் படத்தைச் சொல்லவில்லை. அறிக்கையில் 'வட்டுக் கோளாறு' என்று எழுதி உன்னைக் காப்பாற்றியது என் பேனா. அதை மறந்துவிட்டு எனக்கு நீதி சொல்கிறாய்.

இன்னும் சொல்லவில்லை. இந்த மாதம் இருபதாம் தேதி வரைக்கும் சொல்ல மாட்டேன்.

கொக்கு

*

ஏப்ரல் 12

கொக்குக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெரிய டாக்டரின் அறை வாசலில் நின்றேன். அவர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அந்தக் காலத்து விஷயம் எதுவும் தெரியாது. நான் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத்தையும் படித்தார். என் தவறு, தேதி, பதினொரு வாரம், டிரைவர், உன் அறிக்கை எல்லாம் அதில் இருந்தது. உன் அறிக்கை பொய் என்று எழுதியிருக்கிறேன். எனக்காக எழுதிய பொய் என்றும் எழுதியிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை ஏன் இப்ப சொல்றீங்க?"

"வேற ஒருத்தர் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான் சார்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

"இதைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டிருப்பாங்க. போட்டிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் மூன்றாவது பக்கத்தைக் கொடுத்தேன். நாற்பத்தோராயிரமும், டாக்டரம்மாவின் பதினேழாவது படமும் அதில் இருந்தன. அதை அவர் இரண்டு தடவை படித்தார். எங்கள் ஆஸ்பத்திரி டேப் ஒன்றைக்கூட யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே உத்தரவு எழுதினார். அடுத்த காகிதத்தில் என் மேல் விசாரணைக்கும் உத்தரவு எழுதினார். இரண்டுக்கும் ஒரே பேனா. எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

டிரைவரின் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பும் என்றார். நானே போகிறேன் என்றேன். நேற்று போனேன். அவர் மனைவி தையல் கடை வைத்திருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். "உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார். நின்றபடி முழுதும் சொன்னேன். பதினொரு வாரம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியவில்லை என்றேன். "அந்தப் பதினொரு வாரத்தை நீங்க எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டீங்க" என்றார். பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன்.

இப்போது நிலவறைச் சாவி என்னிடம் இல்லை. விசாரணை முடியும் வரை டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். தம்பி மனைவி ரொம்ப சந்தோஷமாக, "இப்பதான் அண்ணி நீங்க நோயாளிங்களையே பாக்குறீங்க" என்றாள்.

மற்ற பதினாறு ஆஸ்பத்திரிக்கும் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். அதில் சுருக்கல், பொருந்தாத எண்ணிக்கை, டேப்பை அழிக்க வேண்டாம் என்ற வேண்டுகோள். கீழே என் பேர், நான் விசாரணையில் இருக்கிறேன் என்ற தகவல். உன் மேலாளர் கண்டுபிடித்துச் சொல்ல எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நீ என்னிடம் வைத்திருந்த கயிறு இதோடு அறுந்தது. உன் மேல் கோபம் இருக்கிறது. அன்று நீ எனக்காகப் பொய் எழுதியதற்கு நன்றியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

இருபதாம் தேதி வரட்டும். கையெழுத்து வராது.

குண்டூசி

*

மே 20, செவ்வாய்

குண்டூசிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பதினாறு பதிவுத் தபாலில் ஆறை மட்டும் படித்து டேப்பைப் பூட்டிவிட்டார்கள். மீதிப் பத்தும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. 'தக்க பதில் அனுப்பவும்' என்று முத்திரை குத்தி ஆஸ்பத்திரிகளே எங்களுக்கு அனுப்பிவிட்டன. உறைகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. உள்ளே மடிப்பு கலையவில்லை. யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

பதில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'விசாரணையில் இருக்கும் ஓர் ஊழியரின் தனிப்பட்ட மனத்தாங்கல்' என்று உன்னைப் பற்றி எழுதினேன். அந்தச் சொற்களை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே யோசித்தேன், நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

உன் கையெழுத்து வராததால் மாமியாரை ஓரம் கட்டிவிட்டு, கம்பெனித் தாளில் ஆஸ்பத்திரிக்கு ஒன்றாகச் சான்று அச்சடித்தார்கள். முதல் கையெழுத்து நான். உன் இடத்தில் மேலாளர் போட்டார். ஆறு வினாடி ஆகியிருக்கும். நீ நான்கு பக்கத்தை மூன்று தடவை படித்தது ஞாபகம் வந்தது.

அப்படி மூன்று சான்றை வைத்து மூன்று ஆஸ்பத்திரியில் டேப்புகளை அழித்துவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்குச் சாட்சியாக என்னை அனுப்பினார்கள். போன வியாழக்கிழமை. பின்கட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை, நடுவில் அரைக்கிற இயந்திரம். இயந்திரக்காரர் என் வயதுதான் இருப்பார், காதில் பஞ்சு. ஒவ்வொரு டேப்பையும் போடும் முன்னால் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைச் சத்தமாகப் படித்தார். அவருக்கு அப்படி ஒரு பழக்கமாம். வருஷம், மாதம், பிரிவு. யாரோ ஒருத்தி அழகாக, ஒரே அளவில் எழுதியிருந்தாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரு நீ இருந்திருக்கிறாய்.

"என்னம்மா இருக்குது இதுல?"

"பழைய படங்கண்ணே."

"வேற எடத்துல இருக்குதுல்ல? சரி பாத்தாச்சுல்ல?"

"ஆச்சுண்ணே."

என் பேச்சை நம்பி அவர் பொத்தானை அழுத்தினார். கறுப்பு நாடா சுருள் சுருளாக வந்து சாக்கில் விழுந்தது. இருநூற்று ஆறு டேப், ஒன்றரை மணி நேரம். அவர் கேட்டது ஒரு தடவைதான். ஆனால் நான் ஒவ்வொரு டேப்புக்கும் அந்த 'ஆச்சு'வைச் சொல்லிக்கொண்டே நின்றேன். அந்த மூன்று இடத்திலும் போனது போனதுதான். உன் டாக்டரம்மா மாதிரி ஒருத்தர் அங்கே இருந்தாலும் இனி அவரிடம் காட்ட எதுவும் இல்லை. இதற்கு நான் சமாதானம் தேடவில்லை.

நேற்று நான்காவது சான்று வந்தது. எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

"இனிமே நான் போட மாட்டேன் சார்."

"நீங்க போடலைன்னா வேற ஆள் போடுவாங்க."

"போடட்டும். அவங்க பேரு அதுல இருக்கட்டும்."

"ஒன்பது பேர் உங்களை நம்பி இருக்காங்க. அவங்களை நெனச்சீங்களா?"

"அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன் சார்."

கேட்டிருந்தேன். ஒன்பது பேரையும் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு முழுதும் சொன்னேன். நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டுப் பாடுமா என்று கேட்டவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "இவ்ளோ நாள் எங்ககிட்ட ஏன் மேடம் சொல்லலை?"

மேலாளர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. நான் போகவில்லை. இதை ஆபீஸ் மேசையிலிருந்துதான் எழுதுகிறேன், கண்ணாடிச் சுவர் வழியாக எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. மிச்சம் இருக்கும் ஏழு ஆஸ்பத்திரி, டேப் எந்த அறையில் இருக்கிறது, அழிக்கும் தேதி, அந்த அறைச் சாவியை வைத்திருப்பவர் பேர். பெரிய டாக்டர்களுக்கு இனி எழுதாதே, தபால் அறையைத் தாண்டாது. சாவி வைத்திருப்பவரிடம் நேரில் போ. உன் இரண்டு பக்கத்து எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு போ, ஏழு புள்ளியை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

போன் செய்திருக்கலாம். போனில் சொன்னதை நாளைக்கு நானே இல்லை என்று சொல்லிவிடலாம். என் பேச்சை இந்த இரண்டு மாதமாக நானே பார்த்துவிட்டேன். அதனால் காகிதத்தில் கொடுக்கிறேன். இது யார் கொடுத்தது என்று கேட்பார்கள். தயங்காதே, என்னைச் சொல். பட்டப்பேரைச் சொல்லிக் காப்பாற்றாதே. பட்டியலுக்குக் கீழே முழுப் பேரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் இடம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. கூரியர் நாளை மதியம் உன் கவுண்டருக்கு வந்துவிடும். வியாழக்கிழமை முழுதாக உன் கையில் இருக்கிறது.

என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் வைத்துக்கொள். இப்போது கிளம்பு.

கொக்கு